சிவப்பு எழுத்துகள் சொல்வது என்ன?
ஒலிப் பிளகின் கட்டும்போது எழும் கொம்பைலர் சிக்கல்கள்

பைதன் மொழியில் சிறு செய்நிரல்கள் எழுதிப் பழகிய ஒரு மாணவி, உயர்தரப் பரீட்சை முடிந்த ஓய்வில் சீ++ மொழியில் உண்மையான மென்பொருள் ஒன்றைக் கட்டிப் பார்க்க ஆசைப்படுகிறாள் என வைத்துக்கொள்வோம். இணையத்திலிருந்து ஒரு மாதிரித் திட்டத்தை இறக்குகிறாள். ஒரு வரியைக்கூட மாற்றாமல் 'பில்ட்' கட்டளையைக் கொடுக்கிறாள். திரை முழுவதும் சிவப்பு எழுத்துகள். "இதெல்லாம் எனக்குச் சரிவராது" என்று மடிக்கணினியை மூடிவிடுகிறாள்.

அவள் எழுதிய நிரலில் பிழை இருக்க வழியில்லை. அவள் இன்னும் எதையுமே எழுதவில்லை. அப்படியானால் அந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன?

நான் இக்கல்லூரியின் பழைய மாணவி. இப்போது ஒலியோடு தொடர்புடைய மென்பொருள்களை எழுதி வருகிறேன். உதவி கேட்டு வரும் தங்கைமார் எனக்குக் காட்டும் திரைகளில் பெரும்பாலும் இந்த வகைப் பிழைகளையே காண்கிறேன். மென்பொருளின் பகுதிகள் சில, ஏதோ ஒரு விடயத்தில் ஒன்றோடொன்று உடன்படாதபோது அவை எழுகின்றன. "யாருக்கும் யாருக்கும் இடையில், எதில் உடன்பாடில்லை?" என்று கேட்கப் பழகிவிட்டால் அவற்றுள் பலவற்றை ஒரு மாலைப்பொழுதில் தீர்த்துவிடலாம். அதை எப்படிக் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிளகின் என்றால் என்ன?

தனியாக இயங்காமல் வேறொரு மென்பொருளுக்குள் சென்று அமர்ந்து வேலை செய்யும் சிறு செய்நிரலே பிளகின். ஓடாசிட்டி, ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்களை இங்கே தாய் மென்பொருள் என்று அழைப்போம். தாய் மென்பொருள் ஒலியைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பிளகினிடம் கொடுக்கும். பிளகின் அதைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கும். செக்கனுக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் பதிவில் ஒரு துண்டு 512 மாதிரிகளைக் கொண்டதாயின், பிளகினுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 10.7 மில்லிசெக்கன் மட்டுமே. பிந்தினால் ஒலியில் 'டிக் டிக்' என்று வெடிப்புக் கேட்கும். வேகம் இவ்வளவு முக்கியமாக இருப்பதாலேயே பிளகின்களைப் பெரும்பாலும் சீ++ மொழியில் எழுதுகிறார்கள்.

தாய் மென்பொருளும் பிளகினும் பேசிக்கொள்ள ஒரு பொது ஒழுங்கு வேண்டும். ஜேர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் 1996 இல் அறிமுகம் செய்த வி.எஸ்.ரி. என்பது அத்தகைய ஒழுங்கு. அதன் மூன்றாம் வடிவம் 2008 இல் வெளிவந்தது. அந்த ஒழுங்குக்கு ஏற்பப் பிளகின் எழுதுவதை எளிதாக்கும் நிரல் நூலகம் 'ஜூஸ்'. ஜூலியன் ஸ்டோரர் அதை 2004 இல் வெளியிட்டார்.

நான் கட்டிய ஒரு பிளகினையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காகப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் தோழிகள் சிலர் எனக்கு உண்டு. வீட்டிலிருந்தே பதிவு செய்வதால் வாசிப்புக்குப் பின்னால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் விடாமல் கேட்கும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். மின்வடங்களிலிருந்து ஒலிவாங்கியின் வடத்துக்குள் புகும் இரைச்சல் 50 ஹேர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹேர்ட்ஸிலும் நிற்கும். அந்த இடங்களை மட்டும் ஒடுக்கமாக வெட்டியெடுக்கும் வடிகட்டி ஒன்றை எழுதினேன். நிரல் 200 வரிகள்கூட இல்லை. ஆனால் அதை விண்டோஸ், மெக் என்று வெவ்வேறு கணினிகள் வைத்திருந்த தோழிகளிடம் இயங்கும் நிலையில் சேர்ப்பிக்க, எழுதியதைவிட அதிக நாட்கள் சென்றன. அந்த நாட்களில் கண்டவையே கீழே வருகின்றன.

கட்டும் வேலை எப்படி நடக்கிறது?

உடுப்புத் தைப்பதை நினைத்துப் பாருங்கள். முதலில் அளவெடுத்து, எந்தத் துணி, எந்த வடிவம் என்று தீர்மானிக்கிறோம். பிறகு முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்து என ஒவ்வொரு துண்டாக வெட்டுகிறோம். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தைக்கிறோம்.

மென்பொருளிலும் அதே ஒழுங்குதான். 'சீமேக்' என்ற கருவி அளவெடுத்துத் திட்டம் போடுகிறது. கொம்பைலர், அதாவது தொகுப்பான், ஒவ்வொரு நிரற்கோப்பையும் தனித்தனியாக இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. லிங்கர், அதாவது இணைப்பான், அந்தத் துண்டுகளையும் பிறர் எழுதிய நூலகங்களையும் ஒன்றாகத் தைக்கிறது. பின்னர் முடிந்த பிளகின் உரிய கோப்புறைக்குப் பிரதி செய்யப்படுகிறது. இறுதியாகத் தாய் மென்பொருள் அதைத் திறக்கிறது.

உடம்பை அங்குல நாடாவால் அளந்து வெட்டியவரும் கையைச் சென்ரிமீற்றர் நாடாவால் அளந்து வெட்டியவரும் தத்தம் வேலையைத் திறமையாகவே செய்திருக்கலாம். ஆனாலும் தைக்கும்போது கை பொருந்தாது. நாம் காணப்போகும் பிழைகள் பெரும்பாலும் இத்தகையவை.

எந்தப் படியில் பிழை வந்தது என்பதைப் பிழையின் பெயரே சொல்லிவிடும். விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோ பயன்படுத்தினால், 'சீ' என்ற எழுத்தோடு தொடங்கும் எண் கொம்பைலர் தருவது. 'எல்.என்.கே.' என்று தொடங்கினால் லிங்கர் தருவது. 'எம்.எஸ்.பி.' என்று தொடங்கினால் கட்டும் வேலையை நடத்தும் கருவி தருவது. 'சீமேக் எரர்' என்று இருந்தால் வெட்டும் வேலை தொடங்கவே இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். நாற்பது பிழைகள் தெரிந்தால் நாற்பதையும் வாசிக்க வேண்டாம். மேலே சென்று முதலாவது பிழையை வாசியுங்கள். பின்னால் வருபவை பல வேளைகளில் அதன் எதிரொலிகளே.

அடிக்கடி வரும் ஆறு உடன்பாடின்மைகள்

1. கொம்பைலரே இல்லை. சீமேக், சீ++ கொம்பைலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லும். விஷுவல் ஸ்டூடியோவை நிறுவியிருந்தாலும் இது வரும். ஏனெனில் அதை நிறுவும்போது 'டெஸ்க்டொப் டிவெலப்மென்ட் வித் சீ++' என்ற பகுதியைத் தனியாகத் தெரிவுசெய்ய வேண்டும். நிறுவியை மீண்டும் திறந்து அந்தப் பெட்டியில் சரி அடையாளமிட்டால் போதும்.

2. கோப்பைக் காணவில்லை. 'சீ 1083' என்பது, நிரல் கேட்ட தலைப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற அறிவித்தல். முதலில் ஜூஸ் இருக்கவேண்டிய கோப்புறையைத் திறந்து பாருங்கள். அது வெறுமையாக இருக்கக்கூடும். கிட்ஹப்பில் ஒரு திட்டத்தை சிப் கோப்பாக இறக்கும்போது, அதற்குள் 'சப்மொடியூல்' என்று இணைக்கப்பட்ட பிற திட்டங்கள் கூடவே வருவதில்லை. கிட் கருவியால் சப்மொடியூல்களையும் சேர்த்து இறக்கினால் தீர்ந்துவிடும்.

3. மொழியின் பதிப்பு வேறு. பிழைகள் எல்லாம் நீங்கள் தொட்டே பாராத நூலகக் கோப்புகளுக்குள் காட்டப்பட்டால் இதைச் சந்தேகிக்கலாம். ஜூஸின் இன்றைய பதிப்புகள் சீ++ 17 ஐ எதிர்பார்க்கின்றன. மைக்ரோசொஃப்ட் கொம்பைலரோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால் சீ++ 14 என்றே எடுத்துக்கொள்ளும். சீமேக் கோப்பில் 17 என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். நூலகம் பழுதானது என்று நினைத்து அதைத் திருத்தப் போகாதீர்கள்.

4. இயந்திரம் வேறு. 'எல்.என்.கே. 1112' என்றால் ஒரு துண்டு 32 பிற்று இயந்திரத்துக்கும் மற்றொன்று 64 பிற்று இயந்திரத்துக்கும் வெட்டப்பட்டுள்ளது. எல்லாவற்றையும் 64 பிற்றுக்கே கட்டவேண்டும். மெக்கில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ஆப்பிள் நிறுவனம் 2020 நவம்பரில் எம்1 சில்லுடன் கூடிய கணினிகளை வெளியிட்ட பின், பழைய இன்டெல் மெக்கும் புதிய ஆர்ம் மெக்கும் அருகருகே பாவனையில் உள்ளன. இன்டெலுக்கு மட்டும் கட்டிய பிளகினை, ஆர்ம் வடிவில் இயங்கும் தாய் மென்பொருள் நேரடியாக ஏற்ற முடியாது. சீமேக்கில் 'ஓ.எஸ்.எக்ஸ். ஆர்க்கிடெக்சர்ஸ்' என்ற அமைவுக்கு இரண்டு வகைகளையும் கொடுத்தால் இரண்டிலும் இயங்கும் ஒரே பிளகின் கிடைக்கும்.

5. அடிப்படை நூலகம் வேறு. 'எல்.என்.கே. 2038' என்ற பிழையில் 'ரன்டைம் லைப்ரரி' பொருந்தவில்லை என்று இருக்கும். சீ++ செய்நிரல் எதற்கும் ஓர் அடிப்படை நூலகம் தேவை. அதைப் பிளகினுக்குள்ளேயே அடக்கிவைப்பது 'எம்.ரி.' முறை. பயனரின் கணினியில் ஏற்கெனவே இருக்கும் நூலகத்தைப் பயன்படுத்திக்கொள்வது 'எம்.டி.' முறை. இரண்டுமே சரியானவை. ஆனால் ஒரு துண்டு முதலாவதையும் இன்னொரு துண்டு இரண்டாவதையும் எதிர்பார்த்தால் லிங்கர் தைக்க மறுத்துவிடும். தோழிகளின் கணினிகளில் அந்த நூலகம் நிறுவப்பட்டிருக்குமா என்று எனக்குத் தெரியாததால், நான் எல்லாவற்றையும் எம்.ரி. முறைக்கு மாற்றினேன். சீமேக் 3.15 முதல் இதற்கெனத் தனி அமைவு உண்டு. அதைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு தடவை எழுதினால் எல்லாத் துண்டுகளுக்கும் பொருந்தும்.

6. அனுமதி இல்லை. நிரல் முழுவதும் வெற்றிகரமாகக் கட்டப்பட்டு, கடைசி வரியில் 'எம்.எஸ்.பி. 3073' என்று வரும். விண்டோஸில் வி.எஸ்.ரி. 3 பிளகின்கள் தங்கும் கோப்புறை 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்பதற்குள் இருக்கிறது. அங்கே எழுத நிருவாகி அனுமதி வேண்டும். கட்டிய பின் பிரதி செய்யும் அமைவை நிறுத்திவிட்டு, பிளகின் கட்டப்படும் கோப்புறையையே தேடும்படி தாய் மென்பொருளுக்குச் சொல்லிவிடலாம். பிளகினை ஏற்றிய தாய் மென்பொருள் திறந்திருக்கும்போது மீண்டும் கட்டினால், லிங்கர் அந்தக் கோப்பில் எழுத முடியாது என்று சொல்லும். அப்போது அதை மூடிவிட்டுக் கட்டினால் சரி.

திருத்திய பின்னும் அதே பிழையா?

சரியான அமைவை எழுதிய பின்னும் பழைய பிழையே வருவது எவருக்கும் சோர்வைத் தரும். இதற்குச் சீமேக்கின் நினைவாற்றல் காரணமாக இருக்கலாம். முதல் தடவை கண்டறிந்த கொம்பைலர், கோப்புப் பாதைகள், தெரிவுகள் ஆகியவற்றை அது கட்டும் கோப்புறைக்குள் ஒரு கோப்பில் எழுதிவைத்துக்கொள்ளும். அடுத்த தடவை வேகமாக வேலை செய்யவே இந்த ஏற்பாடு. ஆனால் இடையில் நாம் கொம்பைலரை மாற்றியிருந்தால், அது பழைய அளவுத்தாளைப் பார்த்தே வெட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே, கட்டும் கோப்புறையை நிரற்கோப்புறையிலிருந்து எப்போதும் பிரித்து வையுங்கள். ஐயம் வந்தால் கட்டும் கோப்புறையை முழுவதுமாக அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டுங்கள். நிரல் வேறிடத்தில் பத்திரமாக இருப்பதால் எதுவும் தொலையாது.

பிழையே இல்லாமல் வரும் பிழை

இதுவரை சொன்னவை சத்தம் போட்டு அறிவிக்கும் சிக்கல்கள். சத்தமில்லாமல் வரும் ஒன்றை நான் அதிகம் அஞ்சுகிறேன்.

கட்டுவதில் 'டிபக்', 'ரிலீஸ்' என இரண்டு வகைகள் உண்டு. முன்னையது பிழை தேடுவதற்கு, மெதுவானது. பின்னையது மற்றவர்களுக்குக் கொடுப்பதற்கு. கொம்பைலர் நிரலைச் சுருக்கி வேகமாக்கியிருக்கும். எனது வடிகட்டி டிபக் வகையில் ஒழுங்காக இயங்கியது. ரிலீஸ் வகையைப் பெற்ற தோழி, நாற்பது நிமிடம் வாசித்த ஓர் அத்தியாயத்தை அதனூடாகச் செலுத்தினாள். பாதிக்குப் பின்னர் முழு மௌனம். சிவப்பு எழுத்து ஒன்றும் இல்லை, எச்சரிக்கைகூட இல்லை.

காரணம் இதுதான். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுப்பது போன்ற கணக்குகளுக்கு விடை எண்ணாக அமையாது. கணினி அதை 'எண் அல்ல' என்ற தனிக் குறியால் எழுதிவைக்கும். அந்தக் குறியோடு எதைக் கூட்டினாலும் பெருக்கினாலும் விடை மீண்டும் அதே குறிதான். எனது வடிகட்டி தன் முந்தைய விடையை அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது. எனவே அக்குறி ஒரு தடவை உள்ளே நுழைந்தால் பின்னர் வெளியேறவே மாட்டாது. அன்று அது அத்தோழி பயன்படுத்திய வேறொரு பிளகினிலிருந்து வந்திருந்தது. அதைப் பிடித்துத் தள்ளிவிடும் காவல் வரி நிரலில் இருந்தது. டிபக் வகையில் அது தன் வேலையைச் செய்தது.

ஆனால் திட்டத்துக்கு அடிப்படையாக இருந்த மாதிரிக் கோப்பில், ரிலீஸ் வகைக்கு 'ஃபாஸ்ட் மெத்' என்ற அமைவு இடப்பட்டிருந்தது. கணக்குகளை வேகமாக்கும் அமைவு அது. ஜீ.சீ.சீ., கிளாங் ஆகிய கொம்பைலர்களில் அதன் உட்பொருள்களுள் ஒன்று, 'எண் அல்ல' என்ற நிலை ஒருபோதும் வராது என்று நாம் கொம்பைலருக்கு வாக்குக் கொடுப்பது. வராத ஒன்றுக்குக் காவல் எதற்கு என்று கொம்பைலர் அந்த வரியை நீக்கிவிட்டது. அது சொன்ன சொல்லைக் கேட்டு நடந்தது, அவ்வளவுதான். இங்கே உடன்பாடில்லாதவை நிரலும் அமைவுத் தாளும். அந்த அமைவை நீக்கிவிட்டு அதே பதிவை மீண்டும் செலுத்தினோம். முழு அத்தியாயமும் தெளிவாக வந்தது. மூலப்பதிவைத் தனியாக வைத்திருந்ததால் தோழி மறுபடி வாசிக்க நேரவில்லை.

அந்தப் பதிவுக்காகக் காத்திருந்த மாணவிக்கு அது வெறும் ஒலிக்கோப்பல்ல, பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பாடம். பார்த்து வாசிக்க முடியாதவருக்கு, பாதியில் நின்றுபோகும் ஒலி, பாதி பக்கங்கள் கிழிந்துபோன புத்தகத்துக்குச் சமன். பிழைச் செய்தி வராததாலேயே வேலை முடிந்துவிட்டதென்று எண்ணலாகாது என்பதை அன்று முதல் நான் விதியாகவே வைத்திருக்கிறேன்.

கைக்கொள்ளவேண்டிய பழக்கங்கள்

புதிதாகத் தொடங்கும் தங்கைமாருக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

மாதிரித் திட்டத்தை மாற்றாமல் ஒரு தடவை கட்டிப் பாருங்கள். அது ஒழுங்காக வந்த பின்னரே உங்கள் நிரலை எழுதத் தொடங்குங்கள். அப்போது பின்னால் வரும் பிழை எங்கிருந்து வந்தது என்பது தெளிவாகும்.

ஒரு நேரத்தில் ஒரு அமைவை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது.

ஒரு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். பிழை எண், காரணம், தீர்வு என மூன்று நிரல்கள் போதும். அடுத்த ஆண்டு அதே பிழை வரும்போது அந்தக் கொப்பியே உங்களுக்கு ஆசிரியை.

உதவி கேட்கும்போது "வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பணிசெயல் முறைமை, கொம்பைலரின் எந்தப் பதிப்பு, முதலாவது பிழையின் முழு வாசகம் ஆகிய மூன்றையும் கொடுங்கள். பதில் விரைவில் கிடைக்கும்.

புதிய பிளகினை முதன்முதலில் கேட்கும்போது ஹெட்ஃபோனைக் காதில் மாட்டாதீர்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தையும் குறைத்து வையுங்கள். தவறான கணக்கு ஒன்று காதைப் பாதிக்கும் அளவுக்குப் பேரொலியாக வெளிவரலாம். அதற்கு முன் 'பிளகின்வால்' என்ற இலவசக் கருவியால் சோதித்துவிடுவது நல்லது. அதில் 1 முதல் 10 வரை கடுமை நிலைகள் உண்டு. குறைந்தது 5 ஆம் நிலையிலாவது தேறவேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

இச்சஞ்சிகையை வாசிக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு விடயம். உங்கள் மகள் ஒரே திரையை இரண்டு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்து, முடிவில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் எழும்பலாம். அந்நேரம் வீணானதல்ல. எந்த இரண்டு பகுதிகளுக்கிடையில் பிணக்கு என்று அவள் தேடிக்கொண்டிருந்திருப்பாள். மென்பொருள் துறையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களின் நாளில் கணிசமான பகுதி அப்படித்தான் கழிகிறது. இந்தக் கருவிகளுள் பெரும்பாலானவை மாணவர்களுக்கு இலவசம். ஆனால் விஷுவல் ஸ்டூடியோவை இறக்கப் பல ஜிகாபைட் டேட்டா செலவாகும்; கணினியிலும் அதற்கேற்ற இடம் வேண்டும். இயலுமானால் அதற்கு மட்டும் உதவுங்கள்.

தங்கைமாரே, சிவப்பு எழுத்துகளைக் கண்டதும் கணினியை மூடிவிடாதீர்கள். அவை உங்கள் அறிவுக்கு யாரும் இட்ட புள்ளிகளல்ல. எந்தத் துண்டு எதனோடு பொருந்தவில்லை என்பதை, கொஞ்சம் கரடுமுரடான மொழியில், எண்ணும் இடமும் குறிப்பிட்டு எழுதிய கடிதம் அது. முதல் வரியை ஆறுதலாக வாசியுங்கள். அதில் இருக்கும் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் அங்கிருந்தே தெரியத் தொடங்கும்.